அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை: இருவராகச் சைக்கிளில் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் 2025ஆம் ஆண்டு மே முதல் வாரத்தில் பிரான்சின் மேற்குக் கரையில் சைக்கிளில் ஏறி, ஜூலை இறுதியில் ருமேனியாவின் கான்ஸ்டன்சா நகரில் இறங்கினோம். இடையில் பெரும்பாலான இரவுகளைக் கூடாரத்தில் கழித்தோம். அப்போது எனக்கு வயது 44, அவருக்கு 49. கோவை திரும்பிய நாளிலிருந்து உறவினரும் நண்பரும் அவர்களுடைய நண்பர்களும் கேட்டுவரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒருசேர எழுதியிருக்கிறேன்.

நீங்கள் போனது எந்த வழி? அதை நீங்களே வகுத்தீர்களா?

இல்லை. ஐரோப்பா முழுவதையும் இணைக்கும் யூரோவெலோ என்ற நீண்டதூரச் சைக்கிள் வழித்தடங்கள் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸில் இயங்கும் ஐரோப்பியச் சைக்கிளோட்டிகள் கூட்டமைப்பு அவற்றை ஒருங்கிணைக்கிறது. அவற்றுள் ஆறாம் எண் வழி அட்லாண்டிக் கடலில் தொடங்கிக் கருங்கடலில் முடிகிறது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுலோவாக்கியா, ஹங்கேரி, குரோவேஷியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா என்று பத்து நாடுகளைத் தொட்டுச் செல்லும் அதன் நீளம் சுமார் 4,400 கிலோமீட்டர்.

இதை ஆறுகளின் வழி என்றே சொல்லிவிடலாம். முதலில் லுவார் ஆற்றை எதிர்த்து மேலேறி, பிறகு கால்வாய்க் கரைகள் வழியாகச் சோன், டூ ஆறுகளைப் பிடித்து, பாசெலில் ரைனைத் தொட்டு, துட்லிங்கன் அருகே டானூபுடன் சேர்ந்துகொண்டால், அதன் பிறகு ஏறக்குறைய கடல்வரை அந்த ஒரே ஆறுதான் துணை. சாலை ஆற்றை விட்டு விலகாததால் பெரும்பகுதி சமதளம். எங்களைப் போன்ற நடுவயதுக்காரர்கள் இந்த வழியைத் துணிந்து எடுப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

லுவார் கழிமுகத்தில் உள்ள சென் பிரெவேன் என்ற ஊரிலிருந்து தொடங்கினோம். அங்கே கடலோர மணலில் ஹுவாங் யோங் பிங் என்ற சிற்பி அமைத்த, ஏறத்தாழ 130 மீட்டர் நீளமுள்ள பாம்பின் எலும்புக்கூடு கிடக்கிறது. அலை ஏறும்போது பாதி மூழ்கி, இறங்கும்போது முழுதாகத் தெரியும். அதன் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது அந்த வழியில் போவோரின் வழக்கம். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

மேற்கிலிருந்து கிழக்காகப் போவது நல்லதா, கிழக்கிலிருந்து மேற்காகவா?

மேற்கிலிருந்து கிழக்காக. லுவார் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி வீசும். ஆற்றை எதிர்த்து ஏறுகிறோமே என்று கவலைப்பட வேண்டாம். அந்த ஏற்றம் காலுக்குத் தெரியாது, காற்று முதுகுக்குத் தெரியும். டானூபில் ஆறும் நம்முடனேயே இறங்கி வருகிறது. செர்பியாவில் மட்டும் கோசவா என்ற தென்கிழக்குக் காற்று முகத்தில் அறையக்கூடும். அது கடுமையாக வீசுவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் என்பதால் ஜூலையில் எங்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை.

கிழக்காகப் போவதில் இன்னொரு வசதியும் உண்டு. வழிகாட்டிப் பலகைகளும் கூடாரத் திடல்களும் நிறைந்த பிரான்சிலும் ஜெர்மனியிலும் பழகிவிட்டு, வசதிகள் குறைந்த கீழ் டானூபுக்குள் நுழையும்போது நாம் தேர்ந்தவர்களாகியிருப்போம்.

எத்தனை நாள் தேவை? விசாவுக்குள் முடிக்க முடியுமா?

நாளொன்றுக்குச் சராசரி 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4,400 கிலோமீட்டருக்கு 73 நாட்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்றால் மேலும் 12 நாட்கள். ஆகமொத்தம் 85. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாப் பகுதியாகிய ஷெங்கனின் விதியோ எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்கிறது. கணக்கு பொருந்துகிறது, ஆனால் மழைக்கும் காய்ச்சலுக்கும் அதில் இடமில்லை.

இங்கேதான் செர்பியா உதவுகிறது. குரோவேஷியா 2023ஆம் ஆண்டு ஜனவரியிலும், பல்கேரியாவும் ருமேனியாவும் நிலவழி எல்லைகளையும் சேர்த்து முழுமையாக 2025 ஜனவரியிலும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. வழியில் உள்ள பத்து நாடுகளில் செர்பியா ஒன்றுதான் வெளியே நிற்கிறது. அங்கே கழியும் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஷெங்கன் கணக்கில் சேராது. ஆனால் இதே காரணத்தால் ஒரு பொறியும் இருக்கிறது. செர்பியாவுக்குள் போனவுடன் ஷெங்கனை விட்டு வெளியேறியவர் ஆகிறீர்கள். கையில் இருப்பது ஒருமுறை நுழைவு விசா என்றால் பல்கேரிய எல்லையில் பயணம் முடிந்தது. ஆகவே பலமுறை நுழைவு விசாதான் கேட்க வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களைச் செர்பியா தனி விசா இல்லாமல் அனுமதித்துவருகிறது. இத்தகைய விதிகள் மாறுபவை என்பதால், கிளம்புமுன் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வழியில் அது பிரான்ஸ். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்று கேட்கும் இடத்தில் கூடாரக்காரர்கள் திணறுவது வழக்கம். நாங்கள் ஒவ்வொரு நாளும் எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை என்று அட்டவணை எழுதி, பெரிய ஊர்களில் ரத்து செய்யத்தக்க முன்பதிவுகளை இணைத்தோம். அட்டவணைப்படி நாங்கள் நடந்தது முதல் மூன்று நாள் மட்டுமே என்பது வேறு விஷயம்.

கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு விசா தேவையில்லை என்றாலும் 90 நாள் கணக்கு அவர்களுக்கும் உண்டு. 2025 அக்டோபர் முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் பதிவுசெய்யும் முறை தொடங்கியிருப்பதால், ஒரு நாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

உடற்பயிற்சி எவ்வளவு செய்தீர்கள்?

ஆறு மாதம், வார இறுதிகளில். ஒருமுறை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் ஏறினோம். அதற்கு ஈடான ஏற்றம் எதையும் இந்த வழி முழுவதிலும் நாங்கள் சந்திக்கவில்லை. ரைன் பக்கத்திலிருந்து டானூபுக்குக் கடக்கும் மேடும், செர்பியாவில் இரும்புக்கதவுப் பள்ளத்தாக்கின் ஏற்றங்களும்தான் மூச்சு வாங்க வைத்தவை. தொடைகளைவிடப் பின்புறத்துக்குத்தான் பயிற்சி தேவை. தொடர்ந்து ஐந்து நாட்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் அதே சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வலி ஐந்தாம் நாள் குறைந்தால் அந்தச் சீட் உங்களுடையது, கூடினால் மாற்றிவிடுங்கள்.

இருவருடைய வேகமும் ஒன்றாக இருக்காதே, எப்படிச் சமாளித்தீர்கள்?

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி இது. முதலில் கேட்டிருக்க வேண்டியது.

முதல் பத்து நாட்கள் நாங்கள் சமாளிக்கவில்லை. அவர் முன்னே போவார், ஏதாவது ஒரு சந்திப்பில் நின்று காத்திருப்பார், நான் வியர்த்து வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா, போலாமா?" என்று மிதிக்கத் தொடங்குவார். ஒவ்வொரு முறையும் அவருக்குப் பத்து நிமிடம் ஓய்வு கிடைத்தது, எனக்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. வேகமானவர் இளைப்பாறிக்கொண்டே போவதும், மெதுவானவர் இளைப்பாறாமலே போவதுமாக இந்த இடைவெளி நாளுக்கு நாள் பெருகும். அவர் காத்திருந்ததை அன்பு என்று அவர் நினைத்தார். துரத்துகிறார் என்று நான் நினைத்தேன். தூர் நகரைத் தாண்டி ஒரு மரத்தடியில் இதற்காகவே அரைமணி நேரம் சண்டை போட்டோம். தமிழில்தான் போட்டோம் என்பதால், நாயுடன் அவ்வழியே போன பிரெஞ்சுப் பெரியவர் எங்களுக்குப் புன்னகையுடன் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு மூன்று ஏற்பாடுகள் செய்துகொண்டோம். முதலாவது, நான் முன்னே, அவர் பின்னே. வேகத்தை மெதுவானவர் தீர்மானித்தால் இருவரும் ஒரே நேரத்தில் களைப்படைவார்கள். இரண்டாவது, சுமையை மாற்றினோம். கூடாரம், அடுப்பு, கருவிகள், அரிசி பருப்பு எல்லாம் அவருடைய பைகளுக்குப் போயின. அவருக்கு 19 கிலோ, எனக்கு 12 கிலோ. எதிர்பாராத அளவுக்கு வேகங்கள் நெருங்கிவந்தன. இதில் தன்மானம் பார்க்கத் தேவையில்லை. சரிபாதிச் சுமை என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறதே தவிர, வேறுவேறு உடல்களுக்கு அது நியாயமே அல்ல. மூன்றாவது, எப்போதாவது அவர் முன்னே போய்க் காத்திருக்க நேர்ந்தால், நான் வந்து இறங்கி, தண்ணீர் குடித்து, நானே "போகலாம்" என்று சொல்லும்வரை அவர் சைக்கிளைத் தொடக்கூடாது.

நாளின் தூரத்தையும் இப்படியே முடிவுசெய்தோம். காலையில் இருவரும் தனித்தனியாக ஒரு எண் சொல்வோம். சிறிய எண்ணே அன்றைய தூரம். என் எண்தான் எப்போதும் சிறியதாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஹங்கேரியில் வெயில் ஏறிய நாட்களில் அவருடையது சிறியதாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மேல், சாப்பிடாமல், வழி பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை என்ற விதியும் பிறகு சேர்ந்தது. திடலை அடைந்ததும் அவர் கூடாரம், நான் அடுப்பு. முதல் வாய்ச் சோறு உள்ளே போகும்வரை இருவரும் பேசுவதில்லை. அது கோபம் அல்ல, ஒப்பந்தம்.

சைக்கிளை ஊரிலிருந்து கொண்டுபோனீர்களா? என்ன சைக்கிள்?

கொண்டுபோனோம். அட்டைப் பெட்டியில் வைத்து, பெடல்களைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, டயர் காற்றைக் குறைத்து, 23 கிலோவுக்குள் அடக்கினோம். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சமையல் கேஸ் குப்பி எந்தப் பையிலும் கூடாது. உங்களிடம் ஏற்ற சைக்கிள் இல்லையென்றால் அங்கே பழைய சைக்கிள் வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் புதுச் சீட்டுக்கு உடம்பு பழகுவது வழியில்தான் நடக்கும்.

பெரிய விலை அவசியமில்லை. கேரியர் மாட்ட இடமுள்ள எஃகுச் சட்டம், 40 மில்லிமீட்டர் அளவு அகலமான டயர், சுமையோடு மேடேற உதவும் தாழ்ந்த கியர், உறுதியான பின்சக்கரம் ஆகியவை இருந்தால் போதும். கடைசியில் சொன்னதை அலட்சியம் செய்து தண்டனை அனுபவித்தோம். டூ ஆற்றங்கரையில் அவருடைய பின்சக்கரத்தில், செயின் ஓடும் பக்கத்தில், 'டங்' என்று ஒரு ஸ்போக் முறிந்தது. அடுத்த நாள் இன்னொன்று. பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றாமல் அந்தப் பக்கத்து ஸ்போக்கை மாற்ற முடியாது. அதற்கான கருவி எங்களிடம் இல்லை. வழியில் ஒரு கடைக்காரர் சக்கரம் முழுவதையும் 36 ஸ்போக் சக்கரமாக மாற்றித் தந்த பிறகு கான்ஸ்டன்சாவரை ஒன்றும் ஆகவில்லை. செயினை ஒருமுறையும் பிரேக் கட்டைகளை இருமுறையும் மாற்றினோம். பஞ்சர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏழு.

இரவில் எங்கே தங்கினீர்கள்? காட்டில் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாமா?

கூடாது. இந்தப் பேச்சில் நார்வே, சுவீடன் நாட்டுக் கதைகளை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடுகிறார்கள். அங்கே பிறர் நிலத்தில் ஓரிரவு கூடாரம் அடிக்கப் பொது உரிமை உண்டு. எங்கள் வழியில் இருந்த நாடுகளில் நிலை வேறு. ஜெர்மனியில் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், குரோவேஷியாவில் பிடிபட்டால் அபராதம் நிச்சயம்.

ஆனால் பிரான்சில் அதற்குத் தேவையே இல்லை. சிறு ஊர்களில்கூட ஊராட்சியே நடத்தும் கூடாரத் திடல் இருக்கும். ஆற்றோரப் புல்வெளி, வெந்நீர்க் குளியல், பாத்திரம் கழுவத் தொட்டி. இருவருக்கும் கூடாரத்துக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்தது பெரும்பாலும் 12 முதல் 18 யூரோ. வாசலில் 'அக்குய் வேலோ' என்ற பலகை இருந்தால், அது சைக்கிள் வழியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்து, பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவியும் வைத்திருக்கும் தங்குமிடம் என்று பொருள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் விலை கூடும். சில இடங்களில் குளியலறையில் காசு போட்டால்தான் வெந்நீர் வரும். தலைக்குச் சோப்புப் போட்ட பிறகு நேரம் முடிந்து குளிர்ந்த நீர் கொட்டினால் என்னாகும் என்பதை உல்ம் நகரைத் தாண்டி ஓரிடத்தில் அறிந்துகொண்டேன். இரண்டு முறைக்கான காசைக் கொண்டுபோங்கள்.

பெல்கிரேடுக்குக் கீழே திடல்கள் அருகிவிடும். அங்கே நாங்கள் மாலையில் ஊருக்குள் போய், தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பவரிடம் கூடாரம் போலக் கைகளால் முக்கோணம் காட்டி, இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போல நடித்து அனுமதி கேட்போம். மறுத்தவர்கள் இரண்டே பேர். ருமேனியாவில் ஒரு பாட்டி எங்களைத் தன் கொடிமுந்திரிப் பந்தலின் கீழ்ப் படுக்க விட்டு, காலையில் தக்காளியும் வெண்ணெய்க்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். பணத்தை நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். சைக்கிள் பயணிகளை வீட்டில் தங்கவைக்கும் வார்ம்ஷவர்ஸ் என்ற வலையமைப்பின் மூலமும் ஆறு இரவுகள் கிடைத்தன.

தொலைபேசியில் திறந்திருக்கிறது என்று சொன்ன ஒரு திடல், நாங்கள் 70 கிலோமீட்டர் மிதித்து வந்து பார்த்தபோது பூட்டியிருந்ததும் உண்டு. அன்று விடுதியில் கொடுத்த 84 யூரோவை அவர் இன்றும் மறக்கவில்லை.

கூடாரம் வாங்கும்போது 'இருவருக்கானது' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். மூவருக்கானதை வாங்கினால்தான் இருவர் படுத்து, நனைந்த பைகளையும் உள்ளே வைக்க முடியும். மூன்று மாதத்தில் அந்த அரை அடிதான் இல்லறம்.

மழை பெய்தால்?

நனைவீர்கள். மழைச்சட்டை உள்ளிருந்து வியர்வையிலும் வெளியிலிருந்து மழையிலும் நனையும். படுக்கைப்பையும் ஒரு செட் உலர்ந்த துணியும் எந்தக் காரணத்தைக் கொண்டும் நனையாமல் இருந்தால் மற்றதைத் தாங்கலாம். பெரிய வெள்ளம் வந்தால் டானூப் கரையின் சைக்கிள் பாதைதான் முதலில் மூழ்கும். 2013 ஜூனிலும் 2024 செப்டம்பரிலும் அப்படி நடந்தது. செய்தியைப் பார்த்து மேட்டுச் சாலைக்கு மாறிவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? சோறு இல்லாமல் இருக்க முடிந்ததா?

நான் சைவம், அவர் எதையும் சாப்பிடுவார். கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் நாங்களே ஆக்கிக்கொண்டோம்.

எங்களிடம் இருந்தது ஸ்பிரிட் அடுப்பு. பிரான்சின் கிராமத்துக் கடைகளில் கிடைக்கும் கேஸ் குப்பிகளில் பல, மறையில்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை. நம்முடைய மறை அடுப்புக்குச் சேராது. எரிசாராயம் எங்கும் கிடைக்கும், பல்பொருள் அங்காடியில் துடைப்பான், சோப்பு வைத்திருக்கும் வரிசையில் தேடுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றினால் கை போய்விடும். மேலே கையை நீட்டிச் சூடு பார்த்து, அடுப்பு ஆறிய பிறகே நிரப்ப வேண்டும்.

துவரம்பருப்புக்கு குக்கர் வேண்டும் என்பதால் மைசூர்ப் பருப்பு. கால்மணி நேரத்தில் குழைந்துவிடும். அரிசியைக் கழுவிக் கொதிக்கவைத்து, முக்கால் பதம் வந்ததும் மூடியை இறுக்கி, பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் படுக்கைப்பைக்குள் செருகிவிடுவேன். எரிபொருள் மிச்சம், அதற்குள் பருப்புக்கும் அடுப்பு காலியாகிவிடும். இருபது நிமிடம் கழித்து எடுத்தால் சோறு பொலபொலவென்று இருக்கும், படுக்கையும் கதகதப்பாகிவிடும். இரண்டு மாதம் என் படுக்கைப்பை வடித்த சோற்றின் மணத்தோடு இருந்தது.

ஊரிலிருந்து கொண்டுபோன ரசப்பொடி பெசான்சோனில் தீர்ந்துபோனது. பாசெலில் ஈழத்தமிழர் கடையொன்றில் பொடியும் புளியும் கறிவேப்பிலையும் கிடைத்தன. சுவிஸ் விலைதான், இருந்தாலும் தமிழில் விலை கேட்டு வாங்கினோம். கடைக்கார அக்கா, "சைக்கிளிலயோ வந்தனீங்கள்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, ஒரு பொட்டலம் முறுக்கைக் காசு வாங்காமல் பையில் போட்டார்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மாலைக்குள் திங்கள் காலைவரைக்கும் வாங்கிவிட வேண்டும். முதல் ஞாயிறு இதை மறந்து, ரயில் நிலையத்து இயந்திரத்தில் கிடைத்த உப்புக்கடலையைச் சாப்பிட்டோம். மே, ஜூனில் ஜெர்மனியின் தெருவோரக் குடில்களில் வெள்ளைத் தண்ணீர்விட்டான் குருத்து (அஸ்பராகஸ்) விற்பார்கள், வாங்கி வேகவையுங்கள். ஆஸ்திரியாவின் வாக்காவ் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற ஆப்ரிகாட் ஜூலையில்தான் பழுக்கும். ஜூனில் கடந்த எங்களுக்குச் சென்ற ஆண்டின் ஜாம்தான் கிடைத்தது. ஹங்கேரியில் எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டியும், செர்பியாவில் பாலாடைக்கட்டி வைத்த புரேக்கும் சைவக்காரருக்கு வயிறு நிறைய வைப்பவை.

குடிதண்ணீர்?

பிரான்சில் கல்லறைத் தோட்டங்கள். சிரிக்காதீர்கள், பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்து வாயிலிலும் குழாய் இருக்கும், ஊருக்கு ஊர் உண்டு, கூட்டமும் இராது. குழாயின் மேல் குடிக்கத் தகாதது என்று எழுதியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். முதல் முறை உள்ளே போகத் தயங்கினேன். ஒரு மாதத்தில், தொலைவில் சைப்ரஸ் மரங்களைக் கண்டாலே புட்டியைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். ருமேனியக் கிராமங்களில் சாலையோரக் கிணறுகள் உண்டு. உரம் போடும் வயல்களுக்கு நடுவே இருப்பவற்றில் முகம் மட்டும் கழுவினோம்.

பெண்களுக்குக் கழிப்பறை, மாதவிடாய் நாட்கள்?

நேரில் கேட்கத் தயங்கி, தனிச் செய்தியில் பல பெண்கள் கேட்ட கேள்வி. பெரிய ஊர்களுக்கு வெளியே பொதுக் கழிப்பறை குறைவு. காப்பிக்கடையில் ஒரு காப்பி வாங்கினால் கழிப்பறை கிடைக்கும், இல்லையெனில் சோளக்கொல்லைதான். சிறிய மண்வெட்டி ஒன்று பையில் இருக்கட்டும். மாதவிடாய்க்கு நான் கப் பயன்படுத்தினேன், கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்பே பழகிக்கொண்டேன். இரண்டாம் நாளை ஓய்வு நாளாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கமானது; வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்ற கணக்கை அதற்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்தினோம்.

சாலையில் பயமாக இல்லையா?

முதல் பயம் வலப்பக்கம் ஓட்டுவது. நேர்ச்சாலையில் அரைமணியில் பழகிவிடும். ஆபத்து, தேநீர் குடித்துவிட்டு வெறிச்சோடிய சாலையில் மறுபடி ஏறும் கணத்தில் இருக்கிறது. கை தானாக இடப்பக்கம் திருப்பும். ஹேண்டிலின் வலப்பக்கத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டிக்கொண்டேன். ரவுண்டானாவில் எதிர்ச்சுற்று. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே வழி. பிரான்சில் இரவில் ஊருக்கு வெளியே ஒளியை எதிரொளிக்கும் மேற்சட்டை கட்டாயம்.

ஹங்கேரிவரை பெரும்பாலும் கார் இல்லாத பாதை அல்லது ஆற்றங்கரை மேடு. அதன் பிறகு வாகனங்களோடு போக வேண்டும். செர்பியாவின் கோலுபாட்ஸ் கோட்டையைத் தாண்டியதும் டானூப் மலைகளுக்கிடையே நெருக்கிப் பாய்கிறது. ஆற்றின் எதிர்க்கரையில், பாறையில் செதுக்கிய டெசெபாலஸ் மன்னனின் பெருமுகம் தெரியும். பயணத்திலேயே அழகான பகுதி அதுதான், பயந்த பகுதியும் அதுதான்: அடுத்தடுத்து விளக்கில்லாத சுரங்கப்பாதைகள். நுழையுமுன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்பின் விளக்குகளை எரியவிட்டு, பின்னால் வண்டிச் சத்தம் இல்லையா என்று நின்று கேட்டு, இருவரும் ஒட்டி நுழைந்து, வெளிச்சத்தைப் பார்த்து மிதித்தோம். பல்கேரியாவின் ருசேயிலிருந்து ருமேனியாவின் ஜுர்ஜுவுக்கு டானூபைக் கடக்கும் 1954ஆம் ஆண்டுப் பாலத்திலும் லாரிகள் நெருக்கும், அதிகாலையில் கடந்துவிடுங்கள்.

தெருநாய்கள்?

செர்பியாவிலும் ருமேனியாவிலும் உண்டு. வேகமாக மிதித்துத் தப்ப நினைத்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, உரத்துப் பேசுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் குனிந்து கல் எடுப்பது போலப் பாவனை செய்யுங்கள். நம் ஊர் நாய்க்குப் புரியும் அந்த மொழி ருமேனிய நாய்க்கும் புரிகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டோம்.

நாயைவிட அஞ்ச வேண்டியது உண்ணி. தென்ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உண்ணி மூலம் மூளைக்காய்ச்சல் பரவுகிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் பல வாரங்கள் இடைவெளிவிட்டுப் போட வேண்டியது. மாலையில் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் ஒருவருக்கொருவர் பார்த்துவிடுவது எங்கள் இரவுப் பிரார்த்தனை போலாகிவிட்டது.

எவ்வளவு செலவானது?

வழியில் நாளொன்றுக்கு இருவருக்கும் சேர்த்துச் சராசரி 52 யூரோ: தங்கல், உணவு, பழுது எல்லாம் உட்பட. சுவிட்சர்லாந்தில் அதன் இருமடங்கு, ருமேனியாவில் பாதி. விமானம், விசா, காப்பீடு தனி. பல்கேரியாவில் நாங்கள் அந்நாட்டு நாணயமான லெவ் மாற்றினோம்; 2026 ஜனவரி முதல் அங்கும் யூரோ வந்துவிட்டது.

மூன்று வாரம்தான் விடுப்பு என்றால்?

ஜெர்மனியின் பாசாவிலிருந்து புடாபெஸ்ட்வரை போங்கள். பாசாவில் டானூப், இன், இல்ட்ஸ் என்ற மூன்று ஆறுகளும் கலக்கும் முனையில் மூன்று நிறத் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், அங்கிருந்து வியன்னாவரை சுமார் 320 கிலோமீட்டர். ஐரோப்பாவிலேயே அதிகம் பேர் போகும் சைக்கிள் வழிகளில் ஒன்று என்பதால் கூட்டம் இருக்கும், ஆனால் வழி தவறவே முடியாது. நாஜிகளின் மௌத்தௌசன் வதைமுகாமின் நினைவிடத்துக்காக அரைநாள் ஒதுக்குங்கள். வழியிலிருந்து சற்று மேலே, மேட்டில் இருக்கிறது. பலர் கீழேயே கடந்துபோய்விடுகிறார்கள்.

திரும்பி வந்தது எப்படி?

டானூப் கப்பல்வழியின் கிலோமீட்டர் பலகைகள் கடலிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுபவை. ஜெர்மனியில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த எண், இறங்க இறங்கக் குறைந்துகொண்டே வரும். ருமேனியாவின் செர்னவோதாவில் அது 300 ஆனதும் ஆறு வடக்கே திரும்பிவிடும். சைக்கிள் வழி ஆற்றைக் கைவிட்டுக் கடலை நோக்கிக் கிழக்கே போகும். பூஜ்யத்தை நாங்கள் பார்க்கவில்லை.

கான்ஸ்டன்சாவிலிருந்து புக்கரெஸ்டுக்கு ரயில். எந்த ரயிலில் சைக்கிள் ஏற்றுவார்கள் என்பதை முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். புக்கரெஸ்டில் ஒரு சைக்கிள் கடை புதுச் சைக்கிள்கள் வந்த இரண்டு காலிப் பெட்டிகளை இலவசமாகத் தந்தது. பெடல்களைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இடப்பக்கப் பெடலின் மறை எதிர்த்திசையில் திரும்பும். அவர் அதைச் சரியான திசை என்று நினைத்து அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.